வேல்சாமி கண்ட குறை

சக்களத்தி என்றால் சேலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு வாய்த்தவள்கள் கைப்பிடியும் சக்கரமும் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் அல்ல, பரண் கொள்ளாத கூட்டம். வெயில் படாமல், தூசி அண்டாமல், போர்வை போர்த்தி, அந்துருண்டை மாற்றி என் வீட்டுக்காரர் அவர்களைப் பராமரித்த அழகைப் பார்த்தால் எவளுக்கும் வயிறு எரியும். என் கல்யாணச் சேலை பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் வேல்சாமி. திருவனந்தபுரம் சாலை பஜாரில் இருந்து பிரிகிற ஒரு சந்தில் ‘உச்சிமாகாளி பேக் ஹவுஸ்’ என்று பைக்கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பை, ரெக்சின் பை, கல்ஃபுக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய ஏர்பேக் எல்லாம் தானே வெட்டி, தானே தைத்து விற்பார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நாங்கள் குடியிருப்பது கரமனையில், ஆற்றுக்கு இறங்குகிற வழியில். தண்ணி கிடையாது, பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. “ஒனக்கென்னட்டி பொன்னம்மை, தங்கமான மாப்பிள்ளை” என்று என் அக்கா எப்போது பார்த்தாலும் சொல்வாள். தங்கம்தான். அந்தத் தங்கத்துக்குக் கீழே எரிந்துகொண்டே இருந்த அடுப்பை அவளா பார்த்தாள்?

அடுப்பின் பெயர் மகாராஜா.

‘மகாராஜா அண்ட் டாட்டர்’ பெட்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம், தூரத்தில் இருந்தாவது. பெரிய கல்யாணங்களில் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் அதை வாங்கினால், உள்ளே வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கவலை வந்துவிடும். அந்தக் கம்பெனியை உண்டாக்கிய மகாராஜாவும் எங்கள் ஆள்தான். வள்ளியூர் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் சாலை பஜாரின் அடுத்த தெருவில், என் வீட்டுக்காரரைப் போலவே ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பை தைத்தவர். இரண்டு பேரும் ஒரே மெஸ்ஸில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒருவர் மலையேறினார், மற்றவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நடுவில் நடந்தது இவ்வளவுதான்.

எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழா சித்திரை இரண்டாம் செவ்வாய். கொடைக்கு ஊருக்குப் போகாதவன் ஆள் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. அந்த வருஷமும் இவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார். நாங்கள் கல்யாணம் ஆகி முதல் கொடை அது. மஞ்சள் நீராட்டு எல்லாம் முடிந்து திரும்பி வந்து கடையைத் திறந்தால், பக்கத்து டீக்கடை கிரீஷ் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “அண்ணாச்சி, வலிய காரு ஒண்ணு வந்நு. கோவளத்துல ஓட்டல் வச்ச ஆளு. உங்களைத்தான் கேட்டது. கடை பூட்டியல்லோ? அடுத்த தெரு மகாராஜாகிட்ட போயி.”

அந்த ஓட்டல்காரருக்கு வேண்டியிருந்தது ஒரு தோல் பெட்டி. வெள்ளைக்கார விருந்தாளிகள் பார்த்து மயங்குகிற மாதிரி ஒன்று. இவர் தைத்த ஏர்பேக்கின் தையலை எங்கேயோ பார்த்துவிட்டு, தையல்காரனைத் தேடி வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்தார். அடுத்த தெருவுக்குப் போனார். மகாராஜா தைத்துக் கொடுத்தார். ஒன்று பத்தானது, விருந்தாளிகள் சீமைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இருந்து ஆர்டர் வந்தது. மகாராஜா ஏன் அந்த வாரம் ஊருக்குப் போகவில்லை தெரியுமா? அவர் ஊர்க் கொடை மூன்றாம் செவ்வாய். ஒரே அம்மன், ஒரே சித்திரை, ஒரு வாரம் தள்ளி.

அடுத்த வருஷம் கொடைக்கு வரி கேட்டு ஊரில் இருந்து ஆள் வந்தபோது இவர் “அவளுக்கு ஏன் குடுக்கணும்?” என்று கேட்டுவிட்டார். சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயந்து நான்தான் பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பினேன். ஆனால் வெளியே யாராவது “கடையைப் பூட்டிட்டுப் போனது உம்ம தப்புதான வேய்” என்று சொல்லிவிட்டால் போதும், விடமாட்டார். “ஆறாட்டுக்காக ஏரோப்ளேனையே நிறுத்தி வைக்கிற ஊருய்யா இது. பத்மநாபசாமி போறதுக்கு ரன்வேயையே மூடலாம், எங்க அம்மைக்கு நான் ஒரு பைக்கடையை மூடக்கூடாதா?” என்பார். வாதத்தில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

மகாராஜா வளர வளர இவருக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது. ‘அவ்வளவு பெரிய ஆளா அவன்? எங்கேயாவது ஒரு இடத்தில் கையை மடக்கியிருப்பான். உள்துணிக்குக் கீழே மட்ட அட்டையை வைத்திருப்பான். மூலையில் தையலை விட்டிருப்பான்.’ அதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். அதற்குப் பெட்டி வேண்டுமே! ஷோரூமுக்குள் போக மானம் விடவில்லை. அதனால் கடையில் ஒரு திட்டம் போட்டார். பழைய ‘டாட்டர்’ பெட்டி ஒன்று கொண்டுவந்தால் புதுப் பை இரண்டு. உலகத்தில் எந்த வியாபாரியும் செய்யாத வியாபாரம். கைப்பிடி போனது, பூட்டு போனது என்று பணக்கார வீட்டு டிரைவர்கள் எல்லாம் எங்கள் சந்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

அந்த ஓட்டல்காரருக்கு மகாராஜா தைத்த பெட்டி கிடைத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோவளத்து ஓட்டல் கைமாறி, பழைய சாமான்களை எல்லாம் விற்றபோது இவர் போய் எடுத்து வந்தார். பழுப்புத் தோல், மூலைக்கு மூலை பித்தளை. பஸ்ஸில் வைக்க இடம் இருந்தும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். புதுப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி வாசலில் வந்து நின்றார். நான் ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி.

ஒவ்வொன்று வந்ததும் இதே கதைதான். கட்டிலில் வைத்து, உள்துணியை ஓரமாகப் பிரிப்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். விரலால் தையலைத் தடவுவார். என் முதுகை ஒருநாளாவது அப்படித் தடவியிருப்பாரா இந்த மனுஷன்? பார்த்து முடித்ததும் முகம் இருண்டுவிடும். பிறகு போன கைப்பிடியையும் பூட்டையும் சரிசெய்து, பிரித்த இடம் தெரியாதபடி திரும்பத் தைத்துவிடுவார். பிரித்ததைப் பிரித்தபடி விட அவருக்குக் கை வராது.

இப்படித்தான் அந்தக் கம்பெனியின் சரித்திரம் முழுக்க எங்கள் பரணில் ஏறியது. நிறுத்தி வைத்தால் பீரோ மாதிரி திறந்து, உள்ளே சட்டை தொங்கவிடுகிற பெட்டி வந்தது. பாலராமபுரத்துச் சரிகைக்கரைக் கசவுத் துணியை உள்ளே ஒட்டிய கல்யாணப் பெட்டி வந்தது. மகாராஜா பெரிய ஆளானது அந்தக் கசவுப் பெட்டியால்தான். “வேட்டியைப் போயி பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கான் பாரு, கூறு கெட்டவன்” என்று சிரித்தார் இவர். அடுத்த ஜூனில் பார்த்தால், இவர் தைத்த பள்ளிக்கூடப் பைகளின் உள்ளே தங்கச்சரிகைக் கரை! பிள்ளைகளின் சோற்றுப் பாத்திரத்தில் இருந்து மீன்குழம்பு ஒழுகிச் சரிகையெல்லாம் கறையாகி, தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் நாலு சக்கரப் பெட்டி வந்தது. அதை எங்கள் தெருவில் உருட்டிப் பார்த்தார். கரமனைத் தெருவின் குண்டு குழியில்கூட அது சத்தம் போடவில்லை. அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஒங்களுக்கு என்னதான் வேணும்? அவன் நடுத்தெருவுக்கு வரணுமா?” என்று கேட்டேன்.

“சே, அதெல்லாம் இல்லட்டி” என்றார். “அவனுக்கு நான் யாருன்னு தெரியணும். ஓடுதவன் ஒரு தடவையாவது திரும்பிப் பாக்கணும்லா, பின்னால யாரு வாரான்னு. அவன் திரும்பினதே இல்ல.”

அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது பரண். ஆகவே போன வருஷம் போனில் ஒரு விளம்பரம் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. ‘உங்கள் வீட்டில் எங்கள் பழைய பெட்டி இருக்கிறதா? எங்கள் சரித்திரக் கூடத்துக்கு வேண்டும்’ என்று அந்தக் கம்பெனியே கேட்டிருந்தது. இவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நம்பரை அழுத்தினேன். “எங்க வீட்டுல இருக்கு, வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போங்க” என்று சொன்னேன். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

மகாராஜாவின் ஒரே மகள் ஜானவியே வந்துவிட்டாள். பெயரில் வருகிற ‘டாட்டர்’ அவள்தான். கூட இரண்டு ஆட்கள். பரணில் இருந்து ஒவ்வொன்றாக இறக்கி, போர்வையை விலக்க விலக்க அந்தப் பெண்ணின் கண் விரிந்துகொண்டே போனது. கடைசியாகப் பித்தளை மூலைப் பெட்டி இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆன்ட்டி, இது ஃபர்ஸ்ட் பீஸ். அப்பாகிட்டகூட ஒண்ணு இல்ல. வித்தாத்தான் அடுத்ததுக்குத் தோல் வாங்க முடியும்னு எல்லாத்தையும் வித்துட்டாரு” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இவர் சாப்பாட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில், தரையில், அடுப்படி வாசலில் எல்லாம் பெட்டிகள். இத்தனை வருஷம் மூடி வைத்த வயிற்றெரிச்சல் வீடு முழுக்கப் பரப்பிக் கிடந்தது. ஜானவி எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

“அங்கிள், எங்க பெட்டி மேல இத்ர ஸ்னேகமா? எல்லா மாடலும் இருக்கு! ஒரு கீறல் இல்ல! இந்த உலகத்துலயே எங்க பெரிய ஃபேன் நீங்கதான்!”

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும். ‘ஸ்னேகம் இல்லை மகளே, பொறாமை’ என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தலை தானாக ஆடியது. அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள். முதல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள், நின்றார்.

அவர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனபிறகு இவர் என்னோடு பேசவில்லை. கவடியாரில் அவர்கள் ஷோரூமில் சரித்திரக் கூடம் திறக்கிற விழாவுக்கு அழைப்பு வந்தபோதுதான் வாய் திறந்தார். “நான் போமாட்டேன்” என்றார். நானும் சரி என்றேன். அன்று காலையில் பார்த்தால் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறார். “அவன் என் மூஞ்சியப் பாக்கட்டும்” என்றார்.

கவடியார் ஷோரூமுக்குள் கால் வைத்ததும் எனக்குத்தான் முதலில் வயிறு எரிந்தது. என் பரணில் கிடந்தவள்கள் எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில், மகாராணி மாதிரி நின்றார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு என் வீட்டுக்காரரின் போட்டோ. கீழே மலையாளத்தில் ‘எங்கள் முதல் ரசிகர்’. வந்தவர்கள் எல்லாம் போட்டோவையும் இவரையும் மாறிமாறிப் பார்த்து, சிரித்து, கை கொடுத்தார்கள். ஒவ்வொரு கைக்கும் இவர் ஒரு இஞ்ச் குட்டையானார். வாழ்நாள் முழுக்க எதிரியாக இருக்க ஆசைப்பட்டவரைப் பக்தன் ஆக்கிவிட்டார்கள்.

மகாராஜா மேடைக்கு வந்தார். நரைத்த தலை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு மோதிரம்கூட இல்லை. ஆள் அலட்டலாக இருந்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். மலையாளத்தில் ஆரம்பித்தவர், எங்களைப் பார்த்ததும் நம் பேச்சுக்கு மாறினார்.

“எப்படித் தொடங்குனீங்கன்னு எல்லாரும் கேப்பாவ. ஒரு பூட்டுல தொடங்குனேன். கோவளத்து ஓட்டல்காரரு பெட்டி தைக்க வேற ஏதோ கடைக்குத்தான் வந்திருக்காரு. அது பூட்டிக் கெடந்துச்சாம். அதனால எங்கிட்ட வந்தாரு. அது யாரு கடைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் அந்த மனுசன் நல்லா இருக்கட்டும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். சாபம் விட்டிருந்தால் இவர் தாங்கியிருப்பார். வாழ்த்து தாங்கவில்லை. அப்போது ஜானவி வந்து இவரை மேடைக்கு அழைத்துப் போய், பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தாள். “அங்கிள், ரெண்டு வார்த்தை.”

“அது என் கடை” என்றார் இவர்.

யாருக்கும் புரியவில்லை. மகாராஜா மட்டும் திரும்பினார்.

“பூட்டிக் கெடந்தது என் கடைதான். ஊர்ல கொடைன்னு போயிருந்தேன். சித்திரை ரெண்டாஞ் செவ்வா.”

கூட்டத்தில் இருந்த எத்தனை பேருக்கு அது விளங்கியதோ தெரியாது, மகாராஜாவுக்கு விளங்கியது. “எங்க ஊருல மூணாஞ் செவ்வா, அண்ணாச்சி” என்றார் மெதுவாக.

“தெரியும்.”

மகாராஜா கண்ணாடிக் கூண்டுகளைப் பார்த்தார். “அப்போ இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி வாங்குனீங்க?”

“கொறை கண்டுபிடிக்க.”

கூட்டம் நல்ல நகைச்சுவை என்று சிரித்தது. மகாராஜா சிரிக்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, மைக்குக்குக் கேட்காத குரலில், ஆனால் முதல் வரிசையில் இருந்த எனக்குக் கேட்கும்படி கேட்டார்: “கெடைச்சுதா?”

இவர் தன் போட்டோவைப் பார்த்தார். பித்தளை மூலைப் பெட்டியைப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார்.

“கெடைச்சுது” என்றார். மைக்கை மகாராஜா கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மறுநாளே மகாராஜாவின் கார் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முக்கில் நின்றது. அவர் நடந்து வந்து, கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். கிரீஷ்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தான், அவன்தான் எனக்குச் சொன்னான். “தையலா அண்ணாச்சி? சக்கரமா? பூட்டா? நம்மளுக்குள்ள சொல்லுங்க” என்று மகாராஜா கேட்கக் கேட்க, இவர் ரெக்சினை வெட்டிக்கொண்டே இருந்தாராம். “நீங்க பெரிய ஆளு, பாத்தா ஒங்களுக்கே தெரியும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. டீ ஆறிப்போய் அப்படியே இருந்ததாம். அந்த வாரத்தில் இன்னொரு முறையும் வந்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஜானவி எனக்குப் போன் செய்தாள். “ஆன்ட்டி, அப்பா சரித்திரக் கூடத்தைப் பூட்டிட்டாரு. கண்ணாடியெல்லாம் திறந்து, ஒவ்வொரு பெட்டியா எடுத்து, லைனிங்கைப் பிரிச்சிப் பிரிச்சிப் பாக்கறாரு. டார்ச் அடிச்சிப் பாக்கறாரு. அம்மா கூப்பிட்டாலும் சாப்பிட வரலை. அங்கிள்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன், பிளீஸ்.”

பாவம் அந்த அம்மா. சக்களத்தி என்றால் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை என்று அவளுக்கும் இப்போது தெரிந்திருக்கும். அவளுக்கு வாய்த்தவள் பெயர் வேல்சாமி.

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இவர் சாப்பிட வந்து உட்கார்ந்ததும், சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன்: “இங்காருங்க, எங்கிட்டயாவது சொல்லுங்க. என்ன கொறை அது?”

கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பழைய பழக்கம். கண் கலங்கியிருந்தது.

“ஒரு கொறையும் இல்லட்டி” என்றார். “ஒரு நூல் பிசகு இல்ல. நான் தைச்சிருந்தாக்கூட அப்பிடி வந்திருக்காது. ஒண்ணே ஒண்ணு கெடைச்சிருந்தா நான் அன்னைக்கே நிம்மதியா ஒறங்கியிருப்பேன்.”

போன் மறுபடியும் அடித்தது. ஜானவிதான். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ‘சொல்லிவிடுவாயா?’ என்று கேட்கிற பார்வை. இந்த மனுஷன் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதே இல்லை. பெட்டிகளிடம்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா மோளே, கேட்டேன்” என்றேன் போனில். “எங்கிட்டயும் சொல்லமாட்டேங்காவ. அப்பாவைத் தேடிப் பாக்கச் சொல்லு. கண்டிப்பா இருக்கும்.”

இவர் தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் ஒரு கரண்டி சோறு போடச் சொன்னார்.